‘பை’ என்ற இரண்டெழுத்து ஆங்கிலச் சொல்: தடுமாறாமல் எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

திருப்பூர் ஆடை ஏற்றுமதி அலுவலகங்களில் மெர்ச்சன்டைசராக (வெளிநாட்டு வாங்குநரோடு பேசி ஆர்டரைக் கவனிப்பவராக) சேரும் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு மாதம் மெயில் எழுதப் பழக்குவது என் வேலைகளில் ஒன்று. பெரிய ஆங்கிலச் சொற்களில் அவர்கள் தடுமாறிப் பார்த்ததில்லை. தெரியாத பெரிய சொல் என்றால் உடனே அகராதியைத் திறந்துவிடுகிறார்கள். விழுவதெல்லாம் சின்னச் சொற்களில்தான், அதிலும் அதிகமாக ‘பை’யில்.

பி, ஒய் என்ற இரண்டே எழுத்து. ‘வாங்கு’ என்று பொருள்படும் ‘பை’க்கு நடுவில் யூ வரும், விடைபெறும்போது சொல்லும் ‘பை’க்குக் கடைசியில் இ வரும். மூன்றுக்கும் ஒலி ஒன்றே. ‘பஸ்’ஸில் வரும் ப-வைப் போல அழுத்திச் சொல்ல வேண்டும், தோளில் மாட்டுகிற பையைப் போல அல்ல. கீழே ‘பை’ என்று வரும் இடமெல்லாம் அந்த இரண்டெழுத்துச் சொல்தான்.

1. தொடங்குமுன் எடுத்து வைக்க வேண்டியவை

முதலில், நீங்களே எழுதி அனுப்பிய ஆங்கில மெயில் அல்லது வாட்ஸ்அப் செய்திகளில் ஒரு 20 வேண்டும். அடுத்தவர் எழுதியது உதவாது. நீங்கள் எங்கே சறுக்குகிறீர்கள் என்பது உங்கள் எழுத்தில்தான் தெரியும்.

இரண்டாவது, எடுத்துக்காட்டு வாக்கியங்கள் தரும் ஓர் அகராதி. கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு இரண்டும் கற்போருக்கான அகராதிகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. ஆங்கிலம் - தமிழ் அகராதியை இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் மூடி வையுங்கள். ‘ஆல், மூலம், அருகில்’ என்று மூன்று பொருளை வரிசையாகக் கொடுத்துவிட்டு எதை எங்கே போடுவது என்று அது சொல்லாது.

மூன்றாவது, ஒரு நோட்டு. ஒரு பக்கத்தை இரண்டாக மடித்து இடது பக்கம் முழு ஆங்கில வாக்கியம், வலது பக்கம் வீட்டில் பேசுகிற தமிழ் வாக்கியம் என்று எழுதுங்கள். சொல்லுக்குச் சொல் எழுதாதீர்கள். ‘பை = ஆல்’ என்று எழுதிய அன்றே பாதித் தவறு தொடங்கிவிடுகிறது.

2. முதல் பழக்கம்: அடுத்து வரும் சொல்லைப் பார்ப்பது

தமிழில் உருபு சொல்லுக்குப் பின்னால் ஒட்டும்: பஸ்ஸில், கத்தியால், வெள்ளிக்குள். ஆங்கிலத்தில் ‘பை’ முன்னால் நிற்கும். அதனால் வாசிக்கும்போது ‘பை’ வந்ததும் பொருளை முடிவு செய்யாமல், அடுத்த சொல் வரும்வரை பொறுக்க வேண்டும்.

அடுத்து வருவது நாளா, மணியா? எண்ணா? ஆளா? வண்டியா? இடமா? ‘இங்’ என்று முடியும் வினையா? பெரும்பாலும் இந்த ஆறில் ஒன்றாகத்தான் இருக்கும். அது எது என்று தெரிந்தால் தமிழ் உருபு தானாக வந்து நிற்கும்.

பழகுபவர்கள் இதை அவசரப்பட்டுத் தாண்டிவிடுகிறார்கள். தாண்டாதீர்கள். முதல் இரண்டு நாள் பொருளே பார்க்காமல், கண்ணில் படும் ஒவ்வொரு ‘பை’க்கும் பின்னால் இருப்பது என்ன வகை என்று மட்டும் குறியுங்கள். பொருள் அப்புறம்.

3. காலம்: ‘-க்குள்’ளும் ‘வரை’யும்

பணமும் பேரும் அதிகம் போவது இங்கேதான். அதனால் பொருள்களில் இதைத்தான் முதலில் எடுக்கச் சொல்வேன்.

‘பை’க்குப் பின் நாளோ மணியோ வந்தால் ‘அதற்குள்’ என்று பொருள். “சென்ட் இட் பை ஃப்ரைடே” என்றால் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு. திங்களன்றே அனுப்பினாலும் சரி, வெள்ளி மாலை அனுப்பினாலும் சரி. ஒரு தடவை நடந்து முடிகிற வேலைக்கு இது.

‘டில்’, ‘அன்டில்’ இரண்டும் அதுவரை நடந்துகொண்டே இருக்கிற வேலைக்கு. “த ஷாப் இஸ் ஓபன் டில் நைன்” என்றால் ஒன்பது மணி வரை கடை திறந்தே இருக்கும்.

கேட்கும்போது எளிதாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் தவறுகிறது? தமிழில் நாம் “வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு, அனுப்பிடலாம்” என்கிறோம். இருப்பது டைம், அதற்குத்தான் ‘வரை’. ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போது அந்த ‘வரை’ நழுவி ‘அனுப்பு’ என்ற வினையில் போய் ஒட்டிக்கொள்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நானும் “வீ வில் சென்ட் த சாம்பிள்ஸ் டில் ஃப்ரைடே” என்று ஒரு பையருக்கு (ஆர்டர் தரும் வெளிநாட்டு வாங்குநர்) எழுதினேன். வெள்ளிக்கிழமை வரை தினமும் சாம்பிள் அனுப்பிக்கொண்டே இருப்போம் என்று அவர் புரிந்துகொண்டார். “மொத்தம் எத்தனை சாம்பிள் அனுப்புகிறீர்கள்?” என்று பதில் வந்தது. நான் அனுப்ப இருந்தது இரண்டு.

இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. உங்கள் தமிழ் வினையோடு ‘-க்கொண்டே இருப்பேன்’ சேர்த்துப் பாருங்கள். “வெள்ளி வரை காத்துக்கொண்டே இருப்பேன்” பொருந்துகிறது, ஆகவே ‘டில்’. “வெள்ளி வரை அனுப்பிக்கொண்டே இருப்பேன்” நீங்கள் சொல்ல வந்தது அல்ல, ஆகவே ‘பை’.

அடுத்த குழி ‘-க்குள்’ளிலேயே இருக்கிறது. “5-ஆம் தேதிக்குள்” என்கிறோம், “3 நாளுக்குள்” என்றும் சொல்கிறோம். தமிழில் இரண்டுக்கும் ஒரே உருபு. ஆங்கிலத்தில் ‘பை’ தேதி, மணி போன்ற ஒரு குறிப்பிட்ட புள்ளிக்கு மட்டும். கால அளவு என்றால் ‘வித்தின் த்ரீ டேஸ்’ அல்லது ‘இன் த்ரீ டேஸ்’. ‘பை த்ரீ டேஸ்’ என்று எழுதினால் வாசிப்பவர் மூன்று நாள் தள்ளிப்போகிறது என்றுகூட நினைக்கலாம். ஏன் அப்படி என்று 5-ஆம் படியில் வருகிறது.

‘பை ஃப்ரைடே’யில் வெள்ளிக்கிழமையும் சேர்ந்ததுதான். ‘பிஃபோர் ஃப்ரைடே’ என்றால் வியாழனோடு முடிந்தது. ஆனால் வெள்ளி எத்தனை மணி, யாருடைய மணி? ஜெர்மனியில் மாலை 5 என்றால் நமக்குக் குளிர்காலத்தில் இரவு 9.30, கோடையில் 8.30. அதனால் நாளோடு மணியையும் ‘இந்தியன் டைம்’ என்பதையும் சேர்த்தே எழுதச் சொல்வேன். இந்த இரண்டு சொல் கூடுதலாகப் போட்டதற்காக யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

‘சுமார் அஞ்சு மணி வாக்கில் வர்றேன்’ என்பதற்கும் நம்மவர்கள் ‘பை ஃபைவ்’ போடுகிறார்கள். வெளியூர்க்காரர் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு 4.55-க்குக் காத்திருப்பார். ‘வாக்கில்’ என்பதற்கு ‘அரவுண்ட்’ போடுங்கள்.

எதிர்மறை வாக்கியத்தில் ‘அன்டில்’ கொஞ்சம் திரும்பும். “டோன்ட் ஷிப் அன்டில் வீ அப்ரூவ்” என்றால் நாங்கள் ஓகே சொல்லும்வரை சரக்கை அனுப்பாதே. “த ஆபீஸ் வோன்ட் ஓபன் அன்டில் டென்” என்றால் பத்து மணிக்குத்தான் திறப்பார்கள். தமிழில் ‘-த்தான்’ சேர்த்துச் சொல்லிப் பார்த்தால் பிடிபடும்.

4. ‘பை த டைம்’: வினையில் கவனம்

இது முந்தைய படியின் நீட்சி. நாளுக்குப் பதிலாக ஒரு நிகழ்ச்சி வருகிறது, அவ்வளவுதான். தமிழில் ‘வருவதற்குள்’, ‘போய்ச் சேர்வதற்குள்’.

“பை த டைம் த லாரி ரீச்ட் தூத்துக்குடி, த வெசல் ஹாட் லெஃப்ட்.” லாரி தூத்துக்குடி போய்ச் சேர்வதற்குள் கப்பல் கிளம்பிவிட்டது. முதலில் முடிந்தது கப்பல் கிளம்பியது, அதனால் அந்தப் பக்கம் ‘ஹாட்’. இரண்டு பக்கமும் சாதாரண இறந்தகாலம் போட்டால் எது முந்தியது என்பது மங்கிவிடும்.

எதிர்காலம் பேசும்போது ‘பை த டைம்’ பகுதிக்குள் ‘வில்’ வராது. “பை த டைம் ஹீ கம்ஸ்” என்பதே சரி, ‘வில் கம்’ கூடாது. வர இருப்பவரைப் பற்றித்தானே பேசுகிறோம் என்று கேட்பார்கள். ‘வருவதற்குள்’ என்ற நம் சொல்லிலும் காலம் தனியாக இல்லையே, நேற்றைக்கும் அதுதான் நாளைக்கும் அதுதான். அப்படி நினைத்துக்கொண்டால் மனம் ஒப்பும்.

‘பை நவ்’ என்றால் இந்நேரம், ‘பை தென்’ என்றால் அதற்குள். “ஹீ ஷுட் ஹாவ் ரீச்ட் பை நவ்”: இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

5. எண்: ‘பை’யா ‘டு’வா

‘பை’க்குப் பின் அளவு வந்தால் அது வித்தியாசத்தைச் சொல்கிறது. ‘டு’ போய் நிற்கும் இடத்தைச் சொல்கிறது.

நூல் விலை கிலோ 240 ரூபாயிலிருந்து 250 ஆனால், ‘இன்க்ரீஸ்ட் பை டென்’ என்றும் எழுதலாம், ‘இன்க்ரீஸ்ட் டு டூ ஃபிஃப்டி’ என்றும் எழுதலாம். தமிழில் முதலாவதற்கு உருபே இல்லை, “10 ரூபாய் கூடிடுச்சு”. இரண்டாவதில் ‘ஆக’ வரும், “250 ரூபாயாக் கூடிடுச்சு”. உருபு இல்லாத எண் ‘பை’, ‘ஆக’ ஒட்டிய எண் ‘டு’. இதை நோட்டில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு எண்ணும் நம்பும்படியாக இருக்கும்போதுதான் ஆபத்து. ஒரு டி-ஷர்ட்டின் கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றித் தைக்கும் பின்னல் பட்டை) அகலம் 1.5 சென்டி. 2 சென்டியாக ஆக்கும்படி, ‘டு’ போட்டுத்தான் பையர் கேட்டிருந்தார். புதிதாக வந்த பையன் அதை, மாதிரிச் சட்டை தைக்கும் சாம்பிள் மாஸ்டரிடம் “ரெண்டு சென்டி கூட்டுங்கண்ணா” என்று சொல்லிவிட்டான். மூன்றரை சென்டி ரிப்போடு, கழுத்தில் மஃப்ளர் சுற்றியதுபோல ஒரு சட்டை வந்து நின்றது. மாஸ்டர் மேல் பிழையே இல்லை, அவர் காதில் விழுந்தது ‘பை’தான். அன்றிலிருந்து அளவு மாறும் ஒவ்வொரு குறிப்பிலும் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுத வைக்கிறேன்: 1.5-லிருந்து 2.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இந்தப் பொருள் ஏற்கெனவே தெரியும். 1983 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இந்தியா வென்றது ‘பை 43 ரன்ஸ்’, 2011-இல் ‘பை 6 விக்கெட்ஸ்’. நம் பத்திரிகைகள் ‘43 ரன் வித்தியாசத்தில்’ என்று எழுதுமே, அந்த ‘வித்தியாசத்தில்’தான் இந்த ‘பை’. ரயில் நிலைய அறிவிப்பில் வரும் ‘லேட் பை ட்வென்டி மினிட்ஸ்’ஸும் இதுவே. இப்போது ‘பை த்ரீ டேஸ்’ ஏன் தள்ளிப்போனதாகக் கேட்கிறது என்று புரிந்திருக்கும். ஷிப்மென்ட் ‘டிலேட் பை த்ரீ டேஸ்’ என்றால் மூன்று நாள் தாமதம்.

சதவீதத்தில் ஒரு நுணுக்கம். வட்டி 8 சதவீதத்திலிருந்து 9 ஆனால் அது ‘பை ஒன் பெர்சன்ட்’ அல்ல, ‘பை ஒன் பெர்சன்டேஜ் பாயின்ட்’. எட்டில் ஒன்று கூடினால் உயர்வு 12.5 சதவீதம். வங்கிக்கோ ஆடிட்டருக்கோ எழுதும்போது இதில் கவனமாக இருங்கள். பேச்சில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

‘பை த கிலோ’, ‘பை த பீஸ்’, ‘பை த அவர்’ என்று ‘த’ சேர்ந்து வந்தால் ‘கணக்கில்’ என்று பொருள். பின்னல் துணி கிலோக் கணக்கில் விற்கும், தையல் கூலி பீஸ் கணக்கில். நடுவில் ‘த’ விடாதீர்கள். ஆனால் ‘பை வெயிட்’டுக்கு ‘த’ வராது. அது அலகு அல்ல, அளக்கும் முறை.

6. ஆள்: செய்தவர் வேறு, கருவி வேறு

பள்ளியில் மூன்றாம் வேற்றுமை படித்திருப்போம்: ஆல், ஆன், ஒடு, ஓடு. பொருள்கள் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி. மறந்து போயிருந்தால் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். இந்தப் படிக்கு அதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைத்ததில்லை.

“தச்சரால் செய்யப்பட்டது” என்பதில் தச்சர் கருத்தா. “உளியால் செதுக்கினார்” என்பதில் உளி கருவி. தமிழ் இரண்டுக்கும் ‘ஆல்’ போடுகிறது. ஆங்கிலம் பிரிக்கிறது: கருத்தாவுக்கு ‘பை’, கையில் பிடிக்கிற கருவிக்கு ‘வித்’. ‘கட் பை நைஃப்’ என்று எழுதினால் கத்தி தானே எழுந்து வந்து வெட்டியதுபோல ஆகிவிடும். ‘கட் வித் அ நைஃப்’ என்பதே சரி. உடனிகழ்ச்சியான ‘அம்மாவோடு வந்தேன்’ என்பதற்கும் ‘வித்’தான்.

இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரலாம். “த ஃபேப்ரிக் வாஸ் கட் பை த மாஸ்டர் வித் அ மெஷின்.” வெட்டியவர் மாஸ்டர், வெட்டியது மெஷினால்.

ஆள் நேரடியாகக் கையால் செய்தாரா, செய்ய வைத்தாரா என்று ‘பை’ பார்ப்பதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் ‘பில்ட் பை ராஜராஜா’ என்றால் அவரே கல் சுமந்தார் என்றா பொருள்? தமிழிலும் ‘ராஜராஜனால் கட்டப்பட்டது’ என்கிறோம். இங்கே இரண்டு மொழியும் ஒத்துப்போகின்றன. மழை, வெள்ளம், காற்று எல்லாம் ஆளைப்போலவே ‘பை’ வாங்கும்: ‘டேமேஜ்ட் பை ரெயின்’.

காரணத்தைச் சொல்லும் ‘ஆல்’ வேறு. “காய்ச்சலால் வரவில்லை” என்பதற்கு ‘பை ஃபீவர்’ கிடையாது. ‘பிகாஸ் ஆஃப் ஃபீவர்’ அல்லது ‘ட்யூ டு ஃபீவர்’. லீவ் லெட்டர்களில் இதை நிறையவே பார்க்கிறேன்.

ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும்போது இந்த ‘பை’யைக் கண்டதும் ‘ஆல் -ப்பட்டது’ போடும் பழக்கத்தை விடுங்கள். “மேலாளரால் கடிதம் கையெழுத்திடப்பட்டது” என்று எந்த வீட்டிலும் பேசுவதில்லை. “மேலாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார்” என்றால் முடிந்தது.

7. வழி: வண்டி, பணம், ‘இங்’

சரக்கை ‘பை சீ’ அனுப்புவதா ‘பை ஏர்’ அனுப்புவதா என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆர்டர் தாமதமாகிப் ‘பை ஏர்’ போனால் விமானக் கட்டணம் பெரும்பாலும் ஏற்றுமதியாளர் தலையில்தான். அதனால் அந்தச் சொல்லைக் கேட்டாலே முதலாளிகளுக்கு வயிற்றைக் கலக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது, ‘பை’க்கும் வண்டிக்கும் நடுவில் எதுவும் வராது. ‘பை பஸ்’, ‘பை கார்’, ‘பை ட்ரெயின்’. இது எந்த வகைப் பயணம் என்பதை மட்டும் சொல்கிறது, குறிப்பிட்ட ஒரு வண்டியை அல்ல. ‘என்’, ‘அவர்’, ‘அந்த’ என்று ஏதாவது ஒன்று சேர்ந்துவிட்டால் ‘பை’ விலக வேண்டும். ‘பை மை பைக்’ அல்ல, ‘ஆன் மை பைக்’. ‘பை ஹிஸ் கார்’ அல்ல, ‘இன் ஹிஸ் கார்’. பஸ், ரயில், விமானம், இருசக்கர வண்டிக்கு ‘ஆன்’. கார், ஆட்டோ, டாக்சிக்கு ‘இன்’.

நடந்து வந்தால் ‘ஆன் ஃபுட்’. ‘பை வாக்’ என்பது நம் நாட்டில் எல்லோரும் சொல்கிற ஒன்று, எல்லோருக்கும் புரியும். மெயிலில் மட்டும் வேண்டாம்.

செக், கார்டு என்றால் ‘பை’. ரொக்கம் என்றால் ‘இன் கேஷ்’. ஏன் இப்படி என்று கேட்டால் பழக்கம் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

‘இங்’ என்று முடியும் வினை வந்தால் தமிழில் வினையெச்சம் போதும். “ஓபன் இட் பை பிரஸிங் ஹியர்” என்பது “இங்கே அழுத்தித் திறக்கவும்”. ‘அழுத்துவதன் மூலம்’ என்று இழுக்க வேண்டியதில்லை. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘பை பிரஸ்’, ‘பை டு பிரஸ்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘பை’க்குப் பின் வினை வந்தால் ‘இங்’ இல்லாமல் வராது. இந்த ஒரு விதிக்கு நான் விலக்கே பார்த்ததில்லை.

8. இடம்: ஓரம்

இது எளிது. ‘பை த விண்டோ’ ஜன்னலோரம், ‘பை த ரோட்’ ரோட்டோரம், ‘பை த ரிவர்’ ஆற்றோரம். ‘நியர்’ என்றால் கொஞ்சம் தள்ளியும் இருக்கலாம், ‘பை’ என்றால் ஒட்டினாற்போல. முகவரி சொல்லும்போது மட்டும் ‘நியர்’ போடுங்கள், பஸ் ஸ்டாண்டை ஒட்டியே வீடு இருந்தாலும்.

‘டிராப் பை’, ‘ஸ்டாப் பை’ என்றால் போகிற வழியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போவது. ‘பாஸ் பை’ கடந்து போவது.

9. சாய்வுக்கோட்டை ‘பை’ என்று வாசிக்கும் நம் பழக்கம்

முக்கால் என்பதை நாம் ‘த்ரீ பை ஃபோர்’ என்று வாசிக்கிறோம். கதவு எண், சர்வே நம்பர், ரத்த அழுத்தம் எல்லாம் அப்படித்தான்: 45 பை 2, 120 பை 80. ஹோட்டலில் ‘ஒன் பை டூ சூப்’ என்றால் ஒன்றை இரண்டு கிண்ணத்தில் பிரித்துக் கொண்டுவருவார்கள். இந்தியாவுக்குள் இதில் எந்தக் குழப்பமும் இல்லை, மாற்றிக்கொள்ளவும் வேண்டாம்.

வெளிநாட்டவரிடம் போனில் பேசும்போதுதான் சிக்கல். அவர்கள் காதில் ‘த்ரீ பை ஃபோர்’ என்பது 3-க்கு 4 என்ற நீள அகலம். முக்காலுக்கு ‘த்ரீ குவார்ட்டர்ஸ்’ என்றும் பின்னத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ‘ஓவர்’ என்றும் சொல்லுங்கள். ‘ஒன் ட்வென்டி ஓவர் எய்ட்டி’. கதவு எண்ணில் ‘ஸ்லாஷ்’.

நீள அகலத்துக்கு நாமும் அவர்களும் ‘பை’தான். தமிழில் ‘-க்கு’: 40-க்கு 60 மனை என்றால் 2400 சதுர அடி, சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டு. அட்டைப்பெட்டி அளவு 60 பை 40 பை 30 சென்டி என்றால் நீளம், அகலம், உயரம். ரிப் துணியில் வரும் ‘ஒன் பை ஒன்’, ‘டூ பை டூ’ பின்னல் வகை. அங்கே பெருக்கவோ வகுக்கவோ எதுவுமில்லை.

கணக்குப் பாடத்தில் ‘மல்டிப்ளை பை’யும் உண்டு, ‘டிவைட் பை’யும் உண்டு. ஆகவே வெறும் ‘பை’ வகுத்தல் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். எந்தச் செயல் என்பது முன்னால் இருக்கும் வினையில் இருக்கிறது.

10. அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியவை

சில தொடர்களைப் பிரித்துப் பொருள் பார்த்தால் எதுவும் கிடைக்காது. முழுதாகவே நோட்டில் எழுதுங்கள், ஆனால் ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம்.

‘பை மிஸ்டேக்’ தெரியாமல், தவறுதலாக. ‘பை சான்ஸ்’ தற்செயலாக. ‘பை த வே’ என்றால் பேச்சுக்கு நடுவில் ‘அப்புறம், இன்னொன்று’ என்கிற மாதிரி. ‘ஒன் பை ஒன்’ ஒவ்வொன்றாக (துணிக்கடையில் மட்டும் ரிப்). ‘பை மைசெல்ஃப்’ தனியாக, அல்லது யார் உதவியும் இல்லாமல். ‘பை அண்ட் லார்ஜ்’ பெரும்பாலும்.

‘பை ஆல் மீன்ஸ்’ஸில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ‘எல்லா வழிகளிலும்’ என்று பொருள் எடுத்து, பையர் ஏதோ கெடுபிடி செய்கிறார் என்று நினைத்துவிடுவார்கள். அது ‘தாராளமாக!’ என்ற அனுமதி. ‘பை நோ மீன்ஸ்’ நேர் எதிர்: கொஞ்சமும் இல்லை.

‘பைஹார்ட் பண்ணு’ என்று சொல்லியே வளர்ந்தோம். ஆனால் ‘பை ஹார்ட்’ வினை அல்ல. ‘லேர்ன் பை ஹார்ட்’ அல்லது ‘மெமரைஸ்’ என்று எழுத வேண்டும். ‘ஐ பைஹார்ட்டட்’ என்பதை நேர்முகத் தேர்வில் தவிருங்கள்.

11. உங்கள் மெயில்களைத் திறந்து சரிபார்ப்பது

இப்போது முதல் படியில் எடுத்து வைத்த 20 செய்திகளை எடுங்கள். ‘பை’ வரும் இடங்களை மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். ‘பை’ வந்திருக்க வேண்டிய இடத்தில் வேறு சொல் போட்ட தவறுகள் மறைந்தே இருக்கும். அதனால் ‘டில்’, ‘அன்டில்’ இரண்டையும் தேடுங்கள், பிறகு எண்ணுக்கு முன்னால் வரும் ‘டு’. ஒவ்வொன்றிலும் 3, 5-ஆம் படிகளின் சோதனையைப் போட்டுப் பாருங்கள்.

அதன் பிறகு இந்த ஆறு வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதுங்கள். பார்க்காமல் எழுத வேண்டும்.

அ. சனிக்கிழமைக்குள் பதில் தருகிறோம்.
ஆ. இரண்டு நாளுக்குள் பதில் தருகிறோம்.
இ. சனிக்கிழமை வரை அவர் சென்னையில் இருப்பார்.
ஈ. விலையை 5 ரூபாய் குறைத்துவிட்டோம்.
உ. என் காரில் வந்தேன்.
ஊ. நீங்கள் வருவதற்குள் வேலை முடிந்திருக்கும்.

‘அ’வுக்கு ‘பை’, ‘ஆ’வுக்கு ‘வித்தின்’, ‘இ’க்கு ‘டில்’ அல்லது ‘அன்டில்’, ‘ஈ’க்கு ‘பை’, ‘உ’வுக்கு ‘இன்’. ‘ஊ’வில் ‘பை த டைம் யூ கம்’ என்று தொடங்கி, அடுத்த பாதியில் ‘வில் ஹாவ் பீன் ஃபினிஷ்ட்’ என்று முடிய வேண்டும். ‘யூ வில் கம்’ என்று எழுதியிருந்தால் நான்காம் படிக்குத் திரும்பிப் போங்கள்.